ஒரு பணத்துக்கு ஒரு குப்பி: குமரி மாவட்டத்து வலி எண்ணெய் வியாபாரி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர் என் பாட்டா, அம்மையின் அப்பா. ஐம்பத்தேழு வருஷம் ஒரே ஒரு வலி எண்ணெயைக் காய்ச்சி விற்றவர். சொத்தில்லாத வீட்டில் பிறந்து, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, யாரிடமும் கடன் வாங்காமல் ஒரு மருந்துக் கம்பெனியைக் கட்டியவர். 2003 ஆடியில் அவர் இறந்தார். மூன்றே வருஷத்தில் கம்பெனி மூடிக்கிடந்தது. குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி அவர் பெயரையும் எண்ணெயின் பெயரையும் எழுதவில்லை.

ஏன் மூடியது என்று வீட்டில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். 'கூட்டு ரகசியத்தைச் சொல்லாமப் போயிட்டாரு.' நானும் பல வருஷம் அதையே நம்பினேன். சித்த மருந்து தயாரிக்கும் இடங்களில் தரப் பரிசோதனை பார்ப்பது என் தொழில். அந்தப் பழக்கத்தில்தான் பாட்டாவின் குறிப்பேடுகளைக் கையிலெடுத்தேன். படித்து முடித்தபோது, வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த கதை தவறு என்று தெரிந்தது.

ஆள் உருவானது

பாட்டா பிறந்தது தொண்ணூற்றொன்பது வெள்ளத்துக்கு மறுவருஷம். கொல்லம் ஆண்டு 1099-ல், அதாவது 1924-ல், திருவிதாங்கூரைப் புரட்டிப்போட்ட வெள்ளம் அது. எங்கள் பக்கத்தில் அந்தத் தலைமுறைக்காரர்கள் வயதைச் சொல்ல அதைத்தான் கணக்கு வைப்பார்கள். ஊர் விளவங்கோடு தாலுகா. அவருடைய அப்பா பனையேறி. பாட்டாவுக்குப் பதினொரு வயதானபோது அவர் பனையிலிருந்து விழுந்தார். இடுப்பு போயிற்று. கட்டிலோடு தூக்கி ஓர் ஆசானிடம் கொண்டுபோனார்கள். ஆசான் தடவி, கட்டி, எண்ணெய் பிழிந்து, மூன்று மாதத்தில் கம்பூன்றி நடக்க வைத்தார். மறுபடி பனையேற முடியவில்லை. வைத்தியக் கூலி கொடுக்கக் காசில்லாததால் மருந்து இடிக்கப் பையனை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

ஆசானுடையது வர்ம வைத்தியம். உடம்பில் உயிர்நிலையான புள்ளிகளைத்தான் வர்மம் என்பார்கள். அதில் 108 வர்மம் சொல்வார்கள்: படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அதை ஆசான்மார் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. பல வருஷம் கூடவே இருந்து, குணம் பார்த்து, நம்பிக்கை வந்த பிறகு ஒருவனுக்கோ இருவருக்கோ சொல்வார்கள். பாட்டாவுக்கு அது கிடைக்கவில்லை. அவர் இருந்தது உரலடியிலும் அடுப்படியிலும். ஐந்து வருஷம் இலை பறித்தார், இடித்தார், கஷாயம் வைத்தார், எண்ணெய் கிண்டினார். வர்மப் புள்ளி ஒன்றுகூடத் தெரியாமல்தான் வெளியே வந்தார். கையோடு வந்தது எண்ணெய்ப் பதம் மட்டும்.

அடுத்த ஐந்து வருஷம் கோட்டாறு கம்போளத்தில், அதாவது சந்தையில், ஒரு நாட்டு மருந்துக் கடையில் எடுபிடி. என் கணிப்பில் அவர் வாழ்க்கையின் உண்மையான பள்ளிக்கூடம் இதுதான். பச்சை மருந்தில் எத்தனை வகைக் கலப்படம் உண்டோ அத்தனையும் அங்கே பார்த்தார். கிராம்பை நகத்தால் அழுத்திப் பார்ப்பார். எண்ணெய் கசிந்தால்தான் வாங்குவார். சந்தேகம் வந்தால் தண்ணீரில் போடுவார். நல்ல கிராம்பு முழுகும், அல்லது செங்குத்தாக நிற்கும். ஏற்கெனவே எண்ணெய் எடுத்த சக்கை படுத்து மிதக்கும். இன்று ஆய்வகத்தில் அதே கிராம்புக்கு நாங்கள் எண்ணெயின் சதவீதம் பார்க்கிறோம். அவர் நகத்தில் பார்த்ததற்கும் எங்கள் கருவி சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் வராது என்றுதான் நினைக்கிறேன். பிற்காலத்தில் எங்கள் மாவட்டத்து மாறாமலைக் கிராம்பைத் தவிர வேறு வாங்கமாட்டார். 2021-ல் கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர் இருந்திருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது.

ஒரு பணம்

1946-ல் முதல் காய்ச்சு. ஒரு தடவை அடுப்பிலேற்றி இறக்குவதை அவர் 'ஒரு காய்ச்சு' என்பார். குறிப்பேட்டிலும் அந்தச் சொல்தான், முதல் சில ஏடுகளில் மலையாள எழுத்தில். அவர் போன பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது மலையாளம். பேச்சு தமிழ், எழுத்து மலையாளம் என்று 1956 நவம்பர் 1-ல் மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேரும்வரை ஓடியது. அதற்குப் பிறகு மெல்ல மெல்ல எழுத்தும் தமிழாகிறது. இரண்டும் கலந்து கிடக்கும் பக்கங்களைப் படிக்கத்தான் எனக்கு நாள் பிடித்தது.

விலையை அவர் வைத்த விதத்தைச் சொல்லாமல் விட முடியாது. திருவிதாங்கூரில் அப்போது சக்கரக் கணக்கு. 4 சக்கரம் ஒரு பணம், 28½ சக்கரம் ஒரு பிரிட்டிஷ் ரூபாய். மற்றவர்கள் மூன்று சக்கரம், ஐந்து சக்கரம் என்று விற்றபோது பாட்டா குப்பியின் அளவைச் சரிபண்ணி விலையைச் சரியாக ஒரு பணத்தில் நிறுத்தினார். திருவிழாக் கூட்டத்தில் சில்லறை தேட நேரமிருக்காது. ஒரு நாணயத்தைக் கொடுத்து ஒரு குப்பியை வாங்கிக்கொண்டு நடந்துவிடலாம். 1949-ல் சக்கரம் போய் அணா வந்தது. பணத்துக்குச் சமம் ஏறக்குறைய 2¼ அணா. காலணாவை விட்டுக்கொடுத்து இரண்டணா என்று வைத்தார். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்து இரண்டணா 12 பைசாவானபோது மட்டும் தடுமாறினார். 12 பைசாவுக்கு ஒற்றை நாணயம் கிடையாது. இரண்டு மாதம் யோசித்து, குப்பியைச் சிறிதாக்கிப் பத்து பைசா என்று வைத்தார். விலையேற்றி மக்களை இழந்த வியாபாரிகள் உண்டு. சில்லறைக்காக எண்ணெயைக் குறைத்தவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். குறைத்ததை வாங்குகிறவர்களிடம் சொல்லியே விற்றார்.

குப்பி புதிதல்ல. இங்கிலீஷ் மருந்துக்கடைகளிலிருந்து பழைய குப்பிகளை எடைக்கு வாங்கி, சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, வெயிலில் கவிழ்த்து வைப்பார்கள். கழுவுவதும் நிரப்புவதும் அம்மையும் சித்தியும். கார்க்கை உருகிய மெழுகில் முக்கி அடைப்பார்கள். கற்பூரம் கார்க்கு வழியாகப் பறந்துபோகும் என்று முதல் வருஷத்திலேயே அனுபவப்பட்டுத் தெரிந்துகொண்டது அது.

மண்டைக்காடும் மயிலாப்பூரும்

வியாபாரம் பெருகியது மாசிக் கொடைத் திருவிழாவில். மண்டைக்காட்டுப் பகவதி கோயில் கொடை பத்து நாள். கேரளத்திலிருந்து பெண்கள் இருமுடி கட்டி வருவார்கள். பெண்களின் சபரிமலை என்றே அதற்குப் பெயர். நடந்து வந்த கால்கள் வீங்கியிருக்கும். பாட்டா கோயிலுக்குப் போகும் பாதையோரம் ஒரு பாய் விரித்து உட்காருவார். பக்கத்தில் பாட்டி. வருகிற பெண்களின் பாதத்தில் பாட்டி இலவசமாக எண்ணெய் தேய்ப்பாள். வாங்கச் சொல்ல மாட்டாள். திரும்பும்போது அவர்களே தேடி வருவார்கள். சுசீந்திரம் மார்கழித் தேர், கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா என்று வருஷம் முழுக்க இதே முறை.

இதைப் படிக்கும்போது இன்னொருவர் நினைவுக்கு வருவார். காசிநாதுனி நாகேஸ்வர ராவ், 1867-ல் கிருஷ்ணா மாவட்டத்தில் பிறந்தவர். சென்னையில் படித்து, கல்கத்தாவில் மருந்துத் தொழில் பழகி, 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார். அந்த மஞ்சள் களிம்பை அவர் சங்கீதக் கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்துத்தான் பழக்கினார். வந்த லாபத்தில் 1908-ல் தெலுங்கில் 'ஆந்திர பத்திரிகா'வைத் தொடங்கி, 1914-ல் சென்னைக்குக் கொண்டுவந்து நாளேடாக்கினார். உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை போனார். மயிலாப்பூர் லஸ்ஸில் அவர் பெயரில் பூங்கா இருக்கிறது. ஒரு தலைவலிக் களிம்பு ஒரு மொழியின் பத்திரிகையை வளர்த்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கும்.

ஆனால் இந்த ஆய்வுக்கு அவரிடமிருந்து வேண்டியது வேறொன்று. 1936-ல் அமிர்தாஞ்சனம் பங்கு நிறுவனமாக மாறியது. 1938-ல் அவர் காலமானார். இறப்பதற்கு முன்பே மருந்து அவர் கையைவிட்டு நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. பாட்டாவின் எண்ணெய் கடைசிவரை பாட்டாவின் கையிலேயே இருந்தது.

நோட்டீஸ்

இந்தப் பகுதியை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் ஆய்வு பொய்யாகும்.

ஐம்பதுகளில் பாட்டா குப்பியோடு ஒரு நோட்டீஸும் கொடுத்தார். அதில் பதினெட்டு நோய்கள். சுளுக்கு, மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம், நீரிழிவு, வயிற்றுவலி, பிள்ளையின்மை வரை போகும். அவர் மட்டும் செய்ததல்ல. அந்தக் காலத்து மருந்து நோட்டீஸ்களில் எத்தனையோ இப்படித்தான் இருந்தன. இதைத் தடுக்கத்தான் 1954-ல் மருந்து மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம் வந்தது. புற்றுநோய், நீரிழிவு, பக்கவாதம், முடக்குவாதம் என்று ஒரு பட்டியல் போட்டு, இவற்றைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதே குற்றம் என்றது. பாட்டாவுக்கு அப்படியொரு சட்டம் இருப்பதே தெரியாது.

1961-ல் ஒரு கடற்கரை ஊரில் இரண்டு வயதுப் பிள்ளைக்கு வயிற்றுவலி. வீட்டில் இருந்த எண்ணெயைச் சங்கில் ஊற்றிப் புகட்டிவிட்டார்கள். எண்ணெயில் கற்பூரம் இருக்கிறது. சிறு குழந்தைகளுக்கு மிகக் கொஞ்சம் கற்பூரம் வயிற்றுக்குள் போனாலும் வலிப்பு வரும், உயிரும் போகலாம். அந்தப் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று நாளில் பிழைத்துக்கொண்டது. பாட்டா மூன்று நாளும் ஆஸ்பத்திரித் திண்ணையில் கிடந்தார். பிள்ளையின் அப்பா அவரை ஒரு வார்த்தை ஏசவில்லை. மடியிலிருந்து நோட்டீஸை எடுத்து விரித்து, 'வயித்து வலிக்குன்னு இதுல எழுதியிருக்கே வைத்தியரே' என்று மட்டும் கேட்டார்.

மிச்சமிருந்த நோட்டீஸ்களை வீட்டு முற்றத்தில் போட்டு எரித்தார். புதிய சீட்டில் மூன்றே வரிகள்: சுளுக்கு, சதைப்பிடிப்பு, மூட்டுவலி. கீழே பெரிய எழுத்தில், 'உள்ளே கொடுக்கக் கூடாது. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும்.' அந்த வருஷம் காய்ச்சுகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டதைக் குறிப்பேடு காட்டுகிறது. பழைய அளவுக்குத் திரும்ப நான்கு வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகு சரியவே இல்லை. அவர் வாழ்க்கையில் நான் மிக மதிக்கும் முடிவு இதுதான். ஆனால் ஒரு பிள்ளை வலிப்பில் துடித்த பிறகுதான் அது வந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

உரிமம்

பேட்டண்ட் மருந்து என்ற சொல் பலரையும் குழப்புகிறது. இந்த மருந்துகளுக்குக் காப்புரிமை கிடையாது. பழைய நூல்களில் சொன்ன சரக்குகளை மட்டும் வைத்து, நூலில் இல்லாத புதுக் கூட்டாக ஒருவர் செய்தால் அதை நம் மருந்துச் சட்டம் தனியுரிமை மருந்து என்ற வகையில் வைக்கிறது. பெயரை வணிகச் சின்னமாகப் பதியலாம். கூட்டை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. பாரம்பரிய அறிவுக்குக் காப்புரிமை இல்லை என்று காப்புரிமைச் சட்டமே சொல்கிறது.

சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளை 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது 1964-ல் செய்த திருத்தம். அதன்பின் உரிமம் இல்லாமல் காய்ச்சி விற்க முடியாது. எழுபதுகளில் பாட்டா 24-டி படிவத்தில் விண்ணப்பித்து, 25-டி உரிமம் பெற்றார். விண்ணப்பத்தில் ஒவ்வொரு சரக்கும் எவ்வளவு என்று எழுத வேண்டும். எழுதினார். நகல் என்னிடம் இருக்கிறது. நல்லெண்ணெய், கஷாயத்துக்கு நொச்சி, வாதநாராயணன், முடக்கற்றான், எருக்கிலை, கற்கத்துக்கு, அதாவது அரைத்துப் போடும் விழுதுக்கு, பூண்டு, சுக்கு, கருஞ்சீரகம், கடைசியில் கற்பூரம், புதினா உப்பு, கிராம்பெண்ணெய். அவ்வளவுதான். மறைத்த சரக்கு ஒன்றுமில்லை. ரகசியம் என்று வீட்டார் சொன்னது அரசாங்கக் கோப்பில் முப்பது வருஷம் திறந்தே கிடந்திருக்கிறது.

2000-ல் தயாரிப்புக் கூடங்களுக்கு அட்டவணை டி (Schedule T) என்ற விதிமுறை வந்தது. 1200 சதுர அடி, ஒவ்வொரு வேலைக்கும் தனி அறை, படித்த பொறுப்பாளர், பரிசோதனைப் பதிவேடு. எழுபத்தைந்து வயதில் பாட்டா தென்னந்தோப்பில் ஒரு பகுதியை விற்று அதையும் கட்டினார். ஆக, சட்டம் கம்பெனியைக் கொல்லவில்லை. பல சிறு தயாரிப்பாளர்களுக்கு அது சுமைதான், எனக்குத் தெரியும். எங்கள் விஷயத்தில் காரணம் அதுவல்ல.

குறிப்பேடு சொன்னது

பாட்டாவுக்குப் பிறகு மாமா நடத்தினார். உழைப்பில் குறை சொல்ல முடியாது. படிவத்தில் இருந்ததை ஒரு கிராம் பிசகாமல் போட்டார். ஆனாலும் ஒரு மாதம் எண்ணெய் நன்றாக இருக்கும், அடுத்த மாதம் காறல் வாடை அடிக்கும். ஒரு காய்ச்சு காட்டமாக இருக்கும், ஒரு காய்ச்சு வெறும் நல்லெண்ணெய் போல இருக்கும். 'பாட்டாக்க எண்ணெய் இல்ல இது' என்று குப்பியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மாமா ரகசியச் சரக்கைத் தேடி பாட்டாவின் பெட்டி, பரண் எல்லாம் புரட்டினார்.

குறிப்பேடுகள் பெட்டியில்தான் இருந்தன. மாமாவுக்கு மலையாள எழுத்து வாசிக்க வராது. தமிழில் இருந்த ஏடுகளிலும் வெறும் எண்ணும் கோடும்தான், கணக்கு என்று நினைத்து வைத்துவிட்டார்.

ஒவ்வொரு காய்ச்சுக்கும் ஒரு பக்கம். தேதி, இலை எந்த ஊரில் பறித்தது, மழையா வெயிலா, எவ்வளவு. இதில்தான் விஷயம் இருக்கிறது. படிவத்தில் நொச்சி இலை எப்போதும் ஒரே அளவு. குறிப்பேட்டில் அது மாதத்துக்கு மாதம் மாறுகிறது. ஆனியிலும் ஐப்பசியிலும் கூடுதல், மாசி பங்குனியில் குறைவு. நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. மழையில் பறித்த இலையில் தண்ணீர் அதிகம். எடை நிற்கும், சத்து நிற்காது. நானே ஆனியிலும் மாசியிலும் ஒவ்வொரு கிலோ நொச்சி பறித்துக் காயவைத்து நிறுத்துப் பார்த்தேன். ஆனி இலை காய்ந்தபின் கணிசமாகக் குறைந்துதான் நின்றது. பாட்டா அந்தக் குறையை இலை கூட்டிச் சரிக்கட்டியிருக்கிறார். படிவம் கேட்டது ஒரே எண். அவர் அதில் வெயில்கால அளவை எழுதிக் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது, கோடுகள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிறு கோடுகள், சில இடத்தில் 'சத்தம் நின்னது' என்று ஒரு குறிப்பு. எண்ணெயில் கஷாயத்தின் தண்ணீர் இருக்கும்வரை பாத்திரம் படபடவென்று பேசும். தண்ணீர் வற்ற வற்றச் சத்தம் குறையும். கற்கத்தை எடுத்து விரலில் உருட்டித் திரியாக்கி நெருப்பில் காட்டினால் வெடிக்காமல் எரிய வேண்டும்; அதுதான் பதம். முன்பே இறக்கினால் தண்ணீர் தங்கி எண்ணெய் காறும். தாண்டிவிட்டால் கருகும். நான் சின்னவளாக இருந்தபோது அடுப்படியில் அவர் சொன்னது நினைவிருக்கிறது: 'எண்ணெய் பதம் பாக்குகது கண்ணு இல்ல மக்கா, காதாக்கும்.' கோடு ஒவ்வொன்றும் ஒரு நாழிகை. சத்தம் நிற்க மழைக்காலத்தில் கோடு கூடுகிறது. மாமா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எப்போதும் ஒரே நேரத்தில் இறக்கினார்.

ஆக, பாட்டா எதையும் ஒளிக்கவில்லை. அவருக்குத் தெரிந்ததில் படிவத்துக்குள் அடங்கியதைப் படிவத்தில் எழுதினார், மிச்சத்தைக் குறிப்பேட்டில் எழுதினார். மகனைப் பக்கத்தில் நிறுத்தி ஒரு மழைக்காலக் காய்ச்சையும் ஒரு வெயில்காலக் காய்ச்சையும் இறக்க வைத்திருந்தால் போதும். அதை அவர் செய்யவில்லை. 'நான் இருக்கும்போ அவனுக்கு எதுக்கு' என்பார். அது அவர் தவறு, சிறிய தவறும் அல்ல. எட்டுப் பேருக்கு வேலை கொடுத்த கூடம் அதனால்தான் பூட்டிக் கிடக்கிறது.

இதற்குத் தீர்வு என் தொழிலில் தினமும் செய்வதுதான். இலையைப் பச்சை எடையில் எழுதாமல் உலர்ந்த எடையில் எழுதுவது. இறக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் வைக்காமல் ஈரப்பதம் பார்த்து வைப்பது. அப்படி எழுதினால் யார் காய்ச்சினாலும் ஒரே எண்ணெய் வரும்.

கடந்த ஐப்பசியில், விற்பனைக்கு இல்லாமல், ஒரு பரிசோதனைக் காய்ச்சு போட்டேன். வெளியே நல்ல மழை. உலர்ந்த எடைக் கணக்கில் இலை, குறிப்பேட்டில் இருந்தபடி தணிந்த தீ. திரி வெடிக்காமல் எரிந்தது. வடிகட்டி, கற்பூரமும் புதினா உப்பும் கிராம்பெண்ணெயும் சேர்த்து, ஒரு சின்னக் குப்பியில் ஊற்றி அம்மையிடம் கொடுத்தேன். அம்மைக்கு இப்போது எழுபத்தொன்று. குப்பி கழுவ உட்கார்ந்த நாளிலிருந்து கல்யாணம் ஆகும்வரை அந்த அடுப்படியிலேயே இருந்தவள். மாமாவோ நானோ இதுவரை அவளிடம் ஒன்றும் கேட்டதில்லை.

உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து முகர்ந்தாள். முட்டியில் தடவினாள்.

'பதம் சரி. கற்பூரத்த சூட்டோட போட்டுட்டே. பாத்திரத்துக்க அடியில கை வெச்சா பொறுக்கணும், அப்பதான் அப்பா போடுவாரு. பாதி பறந்துபோச்சு பாரு.'

குறிப்பேட்டைத் திரும்பப் புரட்டினேன். அது எந்தப் பக்கத்திலும் இல்லை.